குதிரை பார்க்கப் போனால் அரை மணி நேரம் முன்னதாகப் போங்கள்

என் முதல் குதிரையைப் பார்க்கப் போன அன்று அது வாசலிலேயே தயாராக நின்றது. பளபளவென்று தேய்த்துவிட்டு, சேணம் பூட்டி, கடிவாளம் மாட்டி, கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிறுத்தியிருந்தார்கள். தொட்டேன், அசையவில்லை. ஏறினேன், சொன்ன பக்கம் திரும்பியது. கழுத்தடியில் கை வைத்தபோது ஈரமாக இருந்தது. இப்போதுதான் குளிப்பாட்டியிருக்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். அது வியர்வை. நான் வருவதற்கு முன்பே நன்றாக ஓடவிட்டு, துள்ளலையெல்லாம் இறக்கி வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு உறைக்க நான்கு நாள் ஆனது. நான்காம் நாள் காலையில் வீரன் (விற்றவர் வைத்திருந்த பெயர்) அடிக்கு அடி தலையை ஆட்டிக்கொண்டு நொண்டினான்.

பார்க்க வந்த கால்நடை மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "வாங்குறதுக்கு முன்னாடி ரத்தம் எடுத்து வச்சீங்களா?" எடுக்கவில்லை. வலி மருந்து கொடுத்திருந்தால் அதன் வேகம் இறங்க இரண்டு மூன்று நாள் ஆகலாம் என்றார். கொடுத்தார்களா இல்லையா என்பதை இனி யாரும் நிரூபிக்க முடியாது. எக்ஸ்ரேயில் முன்னங்கால் குளம்புக்குள் இருக்கும் சிறிய எலும்பில் தேய்மானம் தெரிந்தது. நேற்று வந்ததல்ல, நாள்பட்டது. குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்கள். வீரன் பாவம், என்னை ஒருநாளும் கீழே தள்ளியதில்லை. குழி மட்டும்தான்.

அதற்கப்புறம் எனக்காக இன்னொரு குதிரை வாங்கினேன். தெரிந்தவர்களுக்குத் துணையாகப் போய்ப் பத்துப் பதினைந்து குதிரைகளையும் பார்த்துவிட்டேன். நான் மருத்துவரும் இல்லை, குதிரை வியாபாரியும் இல்லை. ஒருமுறை சரியாக ஏமாந்தவன், அவ்வளவுதான். விற்பவர் நமக்காகத் தயார்செய்து நிறுத்தும் அந்த ஒரு மணி நேரத்துக் குதிரையைப் பார்த்து முடிவெடுத்தது நான் செய்த தவறு. மீதி இருபத்து மூன்று மணி நேரம் அது எப்படி இருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்கான வழிகளைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

கிளம்புவதற்கு முன்

முதலில் உங்களைப் பற்றிய சில உண்மைகளை ஒரு தாளில் எழுதுங்கள். எத்தனை வருடம் ஏறிப் பழகியிருக்கிறீர்கள், வாரத்தில் எத்தனை நாள் உண்மையிலேயே நேரம் கிடைக்கும், உங்கள் எடை என்ன. ஆறு மாதத்தில் நான் இப்படி ஆகிவிடுவேன் என்று கற்பனை செய்யும் ஆளுக்குக் குதிரை வாங்காதீர்கள். நான் அப்படித்தான் வாங்கினேன். எனக்கும் ஒன்றும் தெரியாது, நான்கு வயது வீரனுக்கும் ஒன்றும் தெரியாது. இரண்டு பேரும் சேர்ந்து கற்றுக்கொள்ளலாம் என்று நினைத்தது எவ்வளவு பெரிய அசட்டுத்தனம்! ஒருவருக்காவது வேலை தெரிந்திருக்க வேண்டும். முதல்முறை வாங்குபவருக்கு எட்டு முதல் பதினைந்து வயது வரையிலான குதிரை நல்லது. பதினைந்தா, கிழடு ஆயிற்றே என்று தோன்றும். ஒழுங்காகப் பராமரித்தால் குதிரை 25 முதல் 30 வயது வரை வாழும். பதினான்கு வயதுக் குதிரை பாதி வழியில்தான் நிற்கிறது. அதற்குள் பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்து, பயப்பட வேண்டியதற்கெல்லாம் ஒருமுறை பயந்தும் முடித்திருக்கும்.

எடைக்குப் பரவலாகச் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு. ஏறுபவர், சேணம் எல்லாம் சேர்த்துக் குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. 450 கிலோ குதிரை என்றால் மொத்தம் 90 கிலோ. சேணத்துக்குப் பத்து கிலோ போனால் உங்களுக்கு 80. முதுகு பலவீனமான குதிரைக்கு இன்னும் குறைத்துக்கொள்ளுங்கள்.

உயரத்தைக் கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேட்டில் அளப்பார்கள், தலை உச்சியில் அல்ல. 'கை' என்பது அதன் அளவு. ஒரு கை என்றால் நான்கு அங்குலம். 14.2 என்று சொன்னால் பதினான்கு கையும் இரண்டு அங்குலமும், அதாவது 58 அங்குலம். அடுத்தது 14.3, அதற்கடுத்தது 15. இது தெரியாமல் 14.2-க்கும் 14.8-க்கும் வித்தியாசம் கேட்டு நான் ஒருவரைச் சிரிக்க வைத்திருக்கிறேன்.

ஆணா பெண்ணா என்ற கேள்விக்கு என் பதில் சுருக்கமானது: முதல் குதிரை காயடித்த ஆணாக இருக்கட்டும். காயடிக்காத ஆண் அழகுதான், ஆனால் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு பெட்டை பருவத்துக்கு வந்திருந்தால் நீங்கள் முதுகில் இருப்பதையே மறந்துவிடும். பெட்டைக் குதிரையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதன் கர்ப்பம் பதினொரு மாதம், முதல் சில மாதங்கள் வெளியே தெரியாது. ஆண் குதிரைகளோடு ஒரே மேய்ச்சலில் விட்டிருந்தால் சோதித்துவிட்டு வாங்குங்கள்.

செலவைப் பற்றி ஒரு பத்தி போதும். வாங்கும் விலை ஒருநாள் செலவு. தீவனம் தினச் செலவு. 500 கிலோ குதிரைக்கு நாளொன்றுக்குச் சுமார் பத்து கிலோ உலர்புல் வேண்டும். தண்ணீர் 25 லிட்டரிலிருந்து 40 லிட்டர், வெயிலில் இன்னும் அதிகம். சாணமும் மூத்திரமும் சேர்த்து இருபது கிலோவுக்கு மேல் தினமும் அள்ள வேண்டும், எங்கே கொட்டுவீர்கள்? ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவ ஆள் வர வேண்டும். இன்னொன்று, குதிரை கூட்டமாக வாழும் விலங்கு. தனியாகக் கட்டிப்போட்டால் ஏங்கிப்போகும். ஒன்று வாங்கப் போகிறவர் துணைக்கும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

லாயத்துக்குள் நுழைந்ததும்

"நான் வரும்வரை குதிரையை வெளியே எடுக்க வேண்டாம், தேய்க்க வேண்டாம், சேணம் பூட்ட வேண்டாம்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னதாகப் போய் நில்லுங்கள். நேர்மையான விற்பனையாளர் இதற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார். போனதும் பிடரி மயிருக்கு அடியிலும் சேணம் உட்காரும் இடத்திலும் கையை விட்டுப் பாருங்கள். ஈரமோ, உப்புப் பூத்த வெள்ளைக் கறையோ இருந்தால் ஏற்கெனவே ஓட்டிவிட்டார்கள்.

அப்புறம் குதிரையை விட்டுவிட்டு அது நிற்கும் இடத்தைப் பாருங்கள். கதவின் மேல்கட்டை கடித்துத் தேய்ந்திருக்கிறதா? சில குதிரைகள் கட்டையை முன்பல்லால் பிடித்துக் கழுத்தை வளைத்து 'க்ரக்' என்று காற்றை இழுக்கும். அப்படிப்பட்ட குதிரையின் மேல் முன்பற்களின் விளிம்பு சரிவாகத் தேய்ந்திருக்கும். கதவுக்குக் கீழே மண் பள்ளமாக இருந்தால் முன்னங்காலால் பறித்துக்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம். நின்ற இடத்திலேயே இடமும் வலமுமாக ஆடுவது, சுவரோரமாகச் சுற்றிச் சுற்றி நடப்பது எல்லாம் அடைத்தே வைத்ததால் வரும் பழக்கங்கள். வந்துவிட்டால் லேசில் போகாது. அதற்காக வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தெரிந்து வாங்குங்கள், விலையில் பேசுங்கள்.

மேய்ச்சலில் இருந்தால் எப்படிப் பிடிக்கிறார்கள் என்று பாருங்கள். கயிற்றைக் கண்டதும் மறுகோடிக்கு ஓடும் குதிரை உங்களிடமும் ஓடும், தினமும். காதைப் பாருங்கள். முன்னோக்கியோ தளர்வாகப் பக்கவாட்டிலோ இருந்தால் சரி. பின்னால் ஒட்டிக்கொண்டால் கோபம். வயிற்றுப் பட்டையை இறுக்கும்போது திரும்பிக் கடிக்க வருகிறதா? முதுகில் வலி இருக்கலாம், வயிற்றில் புண் இருக்கலாம், பழைய சேணம் உறுத்தியிருக்கலாம்.

அடுத்தது, விற்பவர் முதலில் ஏறிக் காட்ட வேண்டும். அவரால் முடியாவிட்டால் அவருடைய ஆள் ஏறட்டும். "நீங்களே ஏறிப் பாருங்க சார், பச்சக் குழந்த மாதிரி" என்று யாரும் ஏற மறுத்தால் நான் அங்கேயே வணக்கம் சொல்லிவிடுவேன். ஒருமுறை அப்படிச் சொல்லிவிட்டுக் கிளம்பியபோது என்னோடு வந்த நண்பருக்கு என்மேல் கோபம். அடுத்த மாதம் அதே குதிரையிலிருந்து விழுந்து ஒருவருக்குத் தோள்பட்டை விலகியது என்று கேள்விப்பட்டு அவரே போன் செய்தார்.

குளம்பு

குதிரையில் எதை முதலில் பார்ப்பது என்று கேட்டால் முகத்தைப் பார்க்காதீர்கள் என்பேன். முகம் பார்த்தால் மனசு இளகிவிடும், அதற்கப்புறம் கண்ணுக்கு ஒரு குறையும் தெரியாது. குனிந்து குளம்பைப் பாருங்கள். உடல் எடையில் ஏறக்குறைய 60 சதவீதத்தை முன்னங்கால்கள்தான் தாங்குகின்றன. நொண்டலில் பெரும்பகுதியும் அங்கேதான் தொடங்கும்.

இரண்டு முன் குளம்புகளும் ஒரே அளவா, ஒரே சாய்வா? ஒன்று மட்டும் ஒடுங்கிச் செங்குத்தாக இருந்தால் அந்தக் காலில் பாரம் போடாமல் தப்பித்து வந்திருக்கலாம். இரண்டின் மேலும் உள்ளங்கையை வையுங்கள். ஒன்று மட்டும் சூடாக இருந்தால் காரணம் தெரியாமல் மேலே போகாதீர்கள். காலைத் தூக்கச் சொன்னால் தூக்குகிறதா, நான்கு காலையும்? அடியில் முக்கோணமாக, கெட்டி ரப்பர் போல ஒரு பகுதி இருக்கும். அது கறுத்துக் கூழாகி நாறினால் ஈரத்திலேயே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இது குணமாகக்கூடியதுதான், ஆனால் அந்த வீட்டில் குதிரையை எப்படி வைத்திருந்தார்கள் என்று அந்த நாற்றம் சொல்லிவிடும்.

குளம்பு மாதத்துக்கு 8 முதல் 10 மில்லிமீட்டர் வளரும். மேலே தோல் முடியும் இடத்தில் இன்று முளைப்பது தரையைத் தொட ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும். ஆகவே குதிரையின் கடந்த ஒரு வருடக் கதை குளம்பின் முன்சுவரில் எழுதியிருக்கிறது. இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் லாடம் அடிக்கும் ஒரு பெரியவர். இரண்டாவது முறை நான் குதிரை தேடியபோது துணைக்குக் கூட்டிப்போனேன். சாம்பல் நிறத்தில் ஒரு குதிரை, வாட்டசாட்டமாக இருந்தது. எனக்குப் பிடித்துவிட்டது. பெரியவர் குதிரையை ஒரு பார்வைகூடப் பார்க்காமல் உட்கார்ந்து, முன்னங்காலை இழுத்துத் தன் தொடைமேல் வைத்துக்கொண்டார். கட்டைவிரல் நகத்தால் குளம்பை மேலிருந்து கீழே வழித்துக்கொண்டே வந்தார். தோலுக்குக் கீழே இரண்டு விரல் அகலத்தில் நகம் நின்றது. அங்கே ஒரு வரப்பு, குளம்பைச் சுற்றி. முன்பக்கம் ஒடுங்கியும் குதிகால் பக்கம் போகப்போக அகன்றும் இருந்தது. மற்ற முன்னங்காலையும் எடுத்தார். அதே உயரத்தில் அதே வரப்பு.

"தம்பி, நாலு மாசத்துக்கு முன்னாடி இதுக்கு என்னமோ ஆயிருக்கு" என்றார், என்னைப் பார்த்து. விற்பவரைப் பார்க்கவில்லை.

விற்பவர் அதுவரை ஒரு நாள்கூட உடம்பு சரியில்லாமல் இருந்ததில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவர். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். அப்புறம் தானிய மூட்டை அவிழ்ந்து கிடந்ததையும், குதிரை ராத்திரி முழுக்கத் தின்றுவிட்டதையும், பத்து நாள் நடக்காமல் நின்றதையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். குளம்பின் உள் அடுக்கு வீங்கி, எலும்பைப் பிடித்திருக்கும் பிடி தளரும் நோய் அது. ஒருமுறை வந்த குதிரைக்கு மறுபடி வர வாய்ப்பு அதிகம். தீவனம் மாறினாலும் வெயில் மழை மாறினாலும் லேசான வரிகள் எல்லாக் குளம்பிலும் இருக்கும். அவை சுற்றிலும் ஒரே இடைவெளியில் ஓடும். குதிகால் பக்கம் விரிந்துகொண்டே போகும் வரிதான் கவலைக்குரியது.

நடை

குளம்பு முடிந்தால் கால். இரண்டு கைகளால் முழங்காலிலிருந்து கீழே வரை பின்பக்கத் தசைநாணை வருடிக்கொண்டே வாருங்கள், எதிர்க் காலோடு ஒப்பிடுங்கள். இரண்டிலும் ஒரே மாதிரி மெத்தென்று சின்ன வீக்கம் இருந்தால் பெரும்பாலும் உழைத்த காலின் அடையாளம். ஒன்றில் மட்டும் சூடாக, அழுத்தினால் காலை இழுத்துக்கொண்டால் மருத்துவர் பார்க்க வேண்டும்.

பிறகு கெட்டித் தரையில் நடத்தச் சொல்லுங்கள், அப்புறம் டிராட், அதாவது நடைக்கு அடுத்த வேகமான மெதுவோட்டம். கயிற்றைத் தளரப் பிடிக்க வேண்டும். இழுத்துப் பிடித்தால் தலை ஆட்டம் தெரியாது, சிலர் அதற்காகவே இழுத்துப் பிடிப்பார்கள். வலியுள்ள முன்னங்கால் தரையில் படும்போது தலை மேலே போகும். நல்ல கால் படும்போது தலை இறங்கும். பலரும் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு நல்ல காலைக் குறை சொல்வார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். பின்னங்கால் நொண்டலுக்குப் பின்னால் நின்று இடுப்பைப் பாருங்கள், ஒரு பக்கம் அதிகமாக எகிறும்.

கண்ணுக்குப் பிடிபடவில்லை என்றால் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். நடையில் நான்கு சத்தம் சீராக விழும், டிராட்டில் இரண்டு. ஒன்று மட்டும் மெதுவாகவோ தாமதமாகவோ விழுந்தால் காதுக்கு உடனே தட்டுப்படும். கடைசியாகச் சின்ன வட்டத்தில் இரண்டு பக்கமும் ஓடவிடச் சொல்லுங்கள், முடிந்தால் மணலிலும் கெட்டித் தரையிலும். நேராக ஓடும்போது மறைந்திருக்கும் நொண்டல் வட்டத்தில் வெளியே வரும். வீரனை யாராவது கெட்டித் தரையில் வட்டமாக ஓட்டிக் காட்டச் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையே இருந்திருக்காது.

பல், கண், மூச்சு

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாதுதான். நீங்கள் பணம் கொடுக்கிறீர்கள், தாராளமாகப் பார்க்கலாம். நடுப் பால்பற்கள் விழுந்து நிரந்தரப் பல் இரண்டரை வயதில் முளைக்கும், அடுத்த ஜோடி மூன்றரையில், ஓரப் பற்கள் நாலரையில். ஐந்து வயதில் வாய் நிறைந்துவிடும். அதனால் இளம் குதிரையின் வயதில் பொய் சொல்வது கஷ்டம். பத்து வயது வாக்கில் மேல் ஓரப் பல்லில், ஈறை ஒட்டி ஒரு பள்ளக்கோடு தோன்றும். பதினைந்தில் பாதிப் பல் வரை இறங்கும், இருபதில் முழுப் பல்லுக்கும். இதெல்லாம் தோராயம். பத்துக்கு மேல் பல்லை வைத்துச் சரியான வயது சொல்கிறேன் என்பவரைக் கொஞ்சம் தள்ளியே வைத்துக்கொள்ளுங்கள். பல்லைத் தோண்டிக் கறுப்பேற்றி வயதைக் குறைத்துக் காட்டும் மோசடியும் பழையதுதான்.

கண் இரண்டும் தெளிவாக, ஒரே அளவில் இருக்க வேண்டும். நீலம் பாய்ந்த வெண்படலம், அடிக்கடி நீர் வடிந்த தடம் இருந்தால் கேள்வி கேளுங்கள். குதிரைக்கு ஏறக்குறைய சுற்றுவட்டம் முழுக்கத் தெரியும். நேர் பின்னாலும், நெற்றிக்கு நேர் முன்னால் கொஞ்ச தூரமும் மட்டும்தான் தெரியாது. ஆகவே பின்னால் சத்தமில்லாமல் போய் நிற்காதீர்கள்.

மூக்கில் சளி, தாடைக்கு அடியில் கட்டி, இருமல் இருந்தால் அன்றைக்குத் தொடவே வேண்டாம். அதே கையோடு வீட்டிலிருக்கும் குதிரையைத் தொட்டால் அதற்கும் ஒட்டிக்கொள்ளும். ஓய்வில் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16, உடல் சூடு 37.5 முதல் 38.5 செல்சியஸ். வேகமாக ஓடும்போது மூச்சை உள்ளே இழுக்கையில் விசில் மாதிரியோ உறுமல் மாதிரியோ சத்தம் வந்தால் தொண்டையில் கோளாறு இருக்கலாம்.

சாம்பலும் வெள்ளையுமான குதிரைகளைப் பற்றி ஒரு வார்த்தை. அவை பெரும்பாலும் கறுப்பாகவோ பழுப்பாகவோ பிறந்து வருடா வருடம் வெளுப்பவை. பதினைந்து வயது தாண்டியவற்றில் பெரும்பாலானவற்றுக்குத் தோலில் கறுப்புக் கட்டிகள் வரும். வாலைத் தூக்கி அடியில் பாருங்கள், அங்கேதான் முதலில் வரும். வெள்ளைக் குதிரை ஆசை எனக்கும் உண்டு, தப்பில்லை. நிறத்தைக் கடைசிக் கேள்வியாக வையுங்கள், போதும்.

குணம்

நூறு வருடத்துக்கு முன் ஜெர்மனியில் ஹான்ஸ் என்று ஒரு குதிரை கணக்குப் போட்டது. கூட்டல் கேட்டால் விடை வரும்வரை காலால் தட்டும். ஊரே வாய்பிளந்தது. 1907-இல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற உளவியலாளர் பொறுமையாகச் சோதித்துப் பார்த்தார். கேட்பவருக்கே விடை தெரியாவிட்டால் ஹான்ஸுக்கும் தெரியவில்லை. சரியான எண்ணை எட்டியதும் கேட்பவர் உடம்பில் தன்னையறியாமல் வரும் சின்ன அசைவைப் பார்த்து அது தட்டுவதை நிறுத்தியிருக்கிறது. கணக்குத் தெரியாது, மனிதரைப் படிக்கத் தெரியும். விற்பவர் கையில் சாதுவாக இருக்கும் குதிரை உங்கள் கையில் வேறு குதிரையாக இருப்பது இதனால்தான். உங்கள் நடுக்கத்தை நீங்கள் உணர்வதற்கு முன்பே அது படித்துவிடும்.

அதனால் உங்கள் கையில் அது எப்படி இருக்கிறது என்று பார்க்க நேரம் கேளுங்கள். தேய்த்துவிடுங்கள், காலைத் தூக்குங்கள், கயிற்றைப் பிடித்து நீங்களே நடத்துங்கள். மற்ற குதிரைகளை விட்டுத் தனியாகக் கொஞ்ச தூரம் கூட்டிப்போங்கள். பல குதிரைகளின் வண்டவாளம் அங்கேதான் வெளிவரும், லாயத்தைத் திரும்பிப் பார்த்துக் கனைத்து ஒரு அடி நகராமல் நிற்கும். வண்டியில் ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள், வாங்கினால் எப்படியும் அதை ஏற்றித்தானே ஆக வேண்டும்? ஏறி ஓட்டிப் பார்ப்பது வேலி போட்ட இடத்தில், தலைக்கவசத்தோடு, விற்பவர் ஏறி இறங்கிய பிறகு.

என் இரண்டாவது குதிரை செல்வியை முதலில் பார்க்கப் போனபோது நான் வேண்டுமென்றே ஒரு குடையைப் பத்தடி தள்ளி விரித்தேன். அவள் விருட்டென்று ஒரு அடி பின்வாங்கினாள், மூக்கால் 'ப்ர்ர்' என்று ஊதினாள். எனக்கு அதில் குறையொன்றும் தெரியவில்லை; பயப்படாத குதிரை கிடையாது. அடுத்து என்ன செய்கிறாள் என்றுதான் காத்திருந்தேன். குடையைப் பார்த்தாள், கயிற்றைப் பிடித்திருந்தவரைப் பார்த்தாள், கழுத்தை நீட்டி ஒவ்வொரு அடியாக வந்து குடைக்கம்பியை முகர்ந்தாள். அன்றைக்கே பாதி முடிவு செய்துவிட்டேன். மீதிப் பாதிக்கு இன்னும் இரண்டுமுறை போனேன், ஒருநாள் மழையில், ஒருநாள் முன்னறிவிப்பு இல்லாமல். எத்தனை நல்ல குதிரையானாலும் ஒரே பார்வையில் பணம் கொடுக்காதீர்கள். "நாளைக்கு வேற ஆள் வர்றார்" என்பார்கள். வரட்டும்.

மருத்துவரும் காகிதமும்

விற்பவரின் மருத்துவர் வேண்டாம், உங்கள் மருத்துவரைக் கூட்டிப்போங்கள். முறையான சோதனை படிப்படியாகப் போகும்: நிற்க வைத்து முழு உடலும், கையில் பிடித்து நடையும் டிராட்டும், ஓட்டிக் களைக்க வைத்து இதயமும் மூச்சும், ஓய்வு கொடுத்து மறுபடி, கடைசியாக மீண்டும் ஒருமுறை டிராட். ஓய்வுக்குப் பின் வரும் விறைப்பைப் பிடிக்கத்தான் அந்தக் கடைசிப் படி. காலை மடக்கிப் பிடித்து விட்டதும் ஓட வைக்கும் சோதனையும் செய்வார். அதை நாமாகச் செய்து பார்க்கக்கூடாது.

ரத்தம் எடுத்துப் பாதுகாத்து வைக்கச் சொல்லுங்கள். வலி மருந்தோ மயக்க மருந்தோ கொடுத்திருந்தால் பிற்பாடு சோதித்துத் தெரிந்துகொள்ளலாம். ரத்தம் எடுக்கப் போகிறோம் என்று முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். கிளாண்டர்ஸ் சோதனையை விடாதீர்கள், அது மனிதருக்கும் தொற்றும் கொடிய நோய். குதிரைத் தொற்று ரத்தசோகைக்குக் காகின்ஸ் சோதனை உண்டு. டெட்டனஸ் தடுப்பூசி எப்போது போட்டது என்று கேளுங்கள், ஒரு சின்ன ஆணிக்குத்துப் புண்ணிலேயே குதிரையைக் கொண்டுபோய்விடும் நோய் அது. மருத்துவர் நல்ல குதிரை, கெட்ட குதிரை என்று தீர்ப்புச் சொல்ல மாட்டார். நீங்கள் நினைத்திருக்கும் வேலைக்கு இது தாங்குமா என்றுதான் சொல்வார். ஆகவே வேலையை முதலிலேயே சொல்லுங்கள்.

அடையாளச் சீட்டு இருந்தால் நிறம், வெள்ளைப் புள்ளிகள், உடம்பிலுள்ள சுழிகள் எல்லாவற்றையும் குதிரையோடு ஒத்துப் பாருங்கள். சுழி அமைப்பு குதிரைக்குக் குதிரை மாறும் என்பதால்தான் அதைக் குறித்து வைக்கிறார்கள். மைக்ரோசிப் இருந்தால் அதன் எண்ணையும் கருவி வைத்துப் படித்துச் சீட்டோடு ஒப்பிட வேண்டும்.

எழுத்தில் வாங்க வேண்டியவை: வயிற்றுவலி வந்ததுண்டா, அறுவைச் சிகிச்சை நடந்ததா, நொண்டியதுண்டா, உதைக்குமா, கடிக்குமா, கட்டை கடிக்குமா, இத்தனை நாளுக்குள் தெரியவந்தால் திருப்பி எடுத்துக்கொள்வாரா. "ஏன் விற்கிறீர்கள்?" என்ற கேள்வியை வெவ்வேறு நேரத்தில் மூன்றுமுறை கேளுங்கள். மூன்று பதிலும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

வீட்டுக்குக் கொண்டுவரும் நாள்

குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. ஒத்துக்கொள்ளாததைத் தின்றால் எல்லாம் குடல் வழியாகத்தான் போக வேண்டும். பயணக் களைப்பும் புதுத் தீவனமும் சேர்ந்தால் முதல் வாரத்திலேயே வயிற்றுவலி வந்து புரளும். அதனால் அது தின்றுகொண்டிருந்த அதே புல்லில் பத்து நாளுக்கானதைக் கேட்டு வாங்கி வாருங்கள். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக உங்கள் புல்லைக் கலந்து மாற்றுங்கள். நான் செல்வியோடு புல்கட்டுகளையும் வண்டியில் ஏற்றச் சொன்னபோது விற்ற பெண்மணி சிரித்தார். ஏற்றி முடித்ததும் உள்ளே போய் அவள் தினமும் குடித்த பழைய வாளியையும் எடுத்து வந்து கொடுத்தார். புது இடத்தில் தண்ணீர் குடிக்க மறுக்கும் குதிரைக்கு அதைவிட நல்ல சீதனம் இல்லை.

வந்த குதிரையை மற்றவற்றோடு உடனே சேர்க்காதீர்கள். இரண்டு மூன்று வாரம் தனியாக, ஆனால் ஒன்றையொன்று தூரத்தில் பார்க்கும்படி வையுங்கள். வாளியும் தூரிகையும் தனித்தனி. தினமும் உடல் சூடு பாருங்கள். சேணத்தைக் கொஞ்ச நாள் சுவரிலேயே தொங்கவிடுங்கள்.

வீரன் இப்போதும் என்னிடம்தான் இருக்கிறான். யாரும் ஏறுவதில்லை, மேய்கிறான். செல்வி வந்த இருபத்திரண்டாம் நாள் காலையில் நடுவேலிவரை அவளைக் கூட்டிப்போனேன். வீரன் நொண்டிக்கொண்டே வந்து மூக்கை நீட்டினான். அவள் ஒரு கீச்சுக் குரல் போட்டு முன்னங்காலால் தரையை அடித்தாள். அவன் ஒரு அடி தள்ளி நின்றுகொண்டு, தலையைத் திருப்பாமல் புல்லைத் தின்ன ஆரம்பித்தான். கொஞ்ச நேரத்தில் வேலிக்கு இந்தப் பக்கம் அவளும் தின்ன ஆரம்பித்தாள்.